விதையில்லாப் புல் வம்சம் பெருக்கிய கதை

முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை



"கட்டடம், பாலம் என்று ஆரம்பிக்காதே, எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி ஏதாவது பேசு" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அதனால் இன்று புல்லைப் பற்றியும் பூண்டைப் பற்றியும் பேசப் போகிறேன். ஒரு சிவில் என்ஜினியருக்கும் செடிகொடிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கதையின் முக்கியமான திருப்பங்களில் எங்கள் தொழில்காரர்கள் கை இருக்கிறது. அது போகப் போகத் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நாம் என்ன படித்தோம்? ஓர் இனத்து உயிர்கள் தங்களுக்குள் கூடி இனம் பெருக்கும். வேறு இனத்தோடு கூடினால் ஒன்று குட்டி பிறக்காது. பிறந்தாலும் கோவேறு கழுதை மாதிரி அதற்கு வாரிசு இருக்காது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த அந்தப் பிராணி நன்றாக மூட்டை சுமக்கும். ஆனால் அதோடு வம்சம் முடிந்தது. விலங்குகளைப் பொறுத்த வரை இது பெரும்பாலும் சரிதான். தாவரங்களிடம் இந்த விதி அடிக்கடி உடைகிறது. வாரிசு இல்லாத கலப்பினச் செடிக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. அந்த இரண்டு வாசல்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சேற்றில் பிறந்த புது இனம்

இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன் துறைமுகம். அங்கே உப்புச் சேற்றில் ஸ்பார்ட்டினா மாரிட்டிமா என்ற ஒரு புல் காலங்காலமாக வளர்ந்து வந்தது. அமெரிக்கக் கரையில் அதற்கு ஓர் உறவு உண்டு. பெயர் ஸ்பார்ட்டினா ஆல்டர்னிஃப்ளோரா. இரண்டுக்கும் நடுவே அட்லாண்டிக் கடல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் புல் அந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பல் நிலைகுலையாமல் இருக்க அடித்தளத்தில் பாரமாகக் கொட்டிக்கொண்டு வரும் மண்ணோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

கடல் பிரித்து வைத்திருந்த இரண்டு புல்லும் ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. 1870-இல் ஹைத் என்ற ஊரருகே இரண்டுக்கும் பிறந்த கலப்பினம் சேகரிக்கப்பட்டது. பின்னால் செய்த மரபணு ஆராய்ச்சியில் அமெரிக்கப் புல்தான் தாய் என்று தெரிந்தது. நல்ல வலுவான புல். ஆனால் விதை பிடிக்கவில்லை. நம் கோவேறு கழுதையின் கதைதான்.

ஆனால் கோவேறு கழுதைக்கு இல்லாத ஒரு வசதி இந்தப் புல்லுக்கு இருந்தது. சேற்றுக்கடியில் ஓடும் தண்டு. அறுகம்புல் ஓடுகிற மாதிரி அது ஓடி ஓடிக் கணுவுக்குக் கணு முளைத்துக்கொண்டே இருந்தது. சுமார் இருபது ஆண்டுகள் விதையே இல்லாமல் காலம் தள்ளிவிட்டது. அந்த அவகாசத்துக்குள் எங்கோ ஒரு செடியில் ஒரு விபத்து நடந்தது. அதன் குரோமோசோம்கள் அப்படியே இரட்டிப்பாகிவிட்டன. 1890-களின் தொடக்கத்தில் லிமிங்டன் பக்கம் விதை பிடிக்கும் புல் கிடைத்தது. பெற்றோரில் ஒன்றுக்கு 60 குரோமோசோம், இன்னொன்றுக்கு 62. இந்தப் புதியதற்கு 120-லிருந்து 124 வரை. இன்று அதன் பெயர் ஸ்பார்ட்டினா ஆங்கிலிகா. உலகத்தில் முன்பு எங்கும் இல்லாத ஒரு காட்டு இனம், நம் பாட்டன் பூட்டன் காலத்தில், கப்பல் போக்குவரத்து மிகுந்த ஒரு துறைமுகத்தில் பிறந்தது.

நட்டும் போல்ட்டும்

குரோமோசோம் இரட்டித்தால் ஏன் விதை பிடிக்கிறது? இதைப் பட்டறை பாஷையில் சொல்கிறேன், தாவரவியல் துறையினர் மன்னிக்கவும்.

மகரந்தமும் சூலும் உண்டாகும்போது அப்பா வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, பிறகு பிரிந்து, ஆளுக்குப் பாதி என்று பங்கு போக வேண்டும். கலப்பினத்தில் ஒரு பக்கம் அங்குல மரை, இன்னொரு பக்கம் மில்லிமீட்டர் மரை. நட்டு போல்ட்டில் ஏறாது. ஜோடி சேராததால் பங்கீடு தாறுமாறாகப் போய் மகரந்தமும் சூலும் வீணாகின்றன. இரட்டிப்பு நடந்துவிட்டால் அங்குல மரையிலும் ஒரு முழு செட், மில்லிமீட்டர் மரையிலும் ஒரு முழு செட் வந்துவிடுகிறது. அதது தன் ஜோடியைத் தேடிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். பெற்றோர் இருவரிடமிருந்தும் புதுச் செடி ஒரே அடியில் விலகிவிடுகிறது. திரும்பப் பெற்றோரோடு கூடினால் மறுபடி மரை பொருந்தாது. அதனால்தான் அதைத் தனி இனம் என்கிறோம்.

இது வெறும் யூகம் இல்லை. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்னே முன்ட்சிங் 1930-வாக்கில் இதைச் செய்தே காட்டினார். காலியாப்சிஸ் என்ற காட்டுச் செடிக் குடும்பத்தில் 16 குரோமோசோம் கொண்ட இரண்டு இனங்களைக் கலந்து, 32 குரோமோசோம் கொண்ட ஒரு செடியைப் பெற்றார். இயற்கையில் ஏற்கெனவே இருக்கும் காலியாப்சிஸ் டெட்ராஹிட் என்ற இனத்தைப் போலவே அது இருந்தது. அதனோடு கலந்து நன்றாக விதையும் பிடித்தது. இயற்கை எந்த வழியில் போயிருந்ததோ அதே வழியில் ஒரு மனிதரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் தொழில்காரர்கள் வந்த இடம்

ஸ்பார்ட்டினா ஆங்கிலிகா சேற்றைப் பிடித்து நிறுத்துவதில் கெட்டி. வேர் மண்ணைப் பிணைக்கும்; தண்டும் இலையும் அலையின் வேகத்தைக் குறைக்கும்; வண்டல் படிந்து நிலம் உயரும். இதைப் பார்த்த என்ஜினியர்களுக்கு வாயில் எச்சில் ஊறியது. கல் வேண்டாம், சிமெண்டு வேண்டாம், தானே வளரும் கரை! இங்கிலாந்தின் பூல் துறைமுகப் பகுதியிலிருந்து லட்சத்துக்கும் அதிகமான புல் துண்டுகள் 1920-களிலும் 30-களிலும் உலகமெங்கும் அனுப்பப்பட்டன. நெதர்லாந்து நட்டது. நியூசிலாந்து நட்டது. 1963-இல் சீனா கொண்டுபோய் நட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலும் நட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பறவைகள் இரை பொறுக்கும் திறந்த சேற்று வெளிகளைப் புல் மூடியது. சிப்பி விளையும் இடங்களை மூடியது. வாஷிங்டனிலும் நியூசிலாந்திலும் பிறகு அதை அழிப்பதற்கே தனித் திட்டம் போட வேண்டி வந்தது. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தினர் தயாரித்த பட்டியலில் இதன் பெயரும் இருக்கிறது. சீனாவில் வேறு கதை. முதலில் வேகமாகப் பரவிய இந்தப் புல், பிறகு தானாகவே காய்ந்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக 1979-இல் அவர்கள் கொண்டுவந்த அமெரிக்கத் தாய்ப்புல் கரை முழுக்கப் பரவியது. 2022 முதல் அதை ஒழிக்க நாடு தழுவிய நடவடிக்கை எடுத்தார்கள்.

தவறான வரைபடத்தில் கட்டிய சுவரை இடித்துவிடலாம். தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும் ஒன்றை ஒரு முறை நட்டுவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. கரையோர வேலை, சாலைச் சரிவில் புல் வளர்க்கும் வேலை என்று இறங்கப் போகும் தம்பி தங்கைகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மெண்டலைக் குழப்பிய பூ

இப்போது இரண்டாவது வாசல். ஆணும் பெண்ணும் கூடாமலே இனம் பெருக்குவது. இது நமக்குப் புதிதா? கரும்பை விதை போட்டா வளர்க்கிறோம்? கரணை நடுகிறோம். முருங்கைக்குப் போத்து, வாழைக்குப் பக்கக் கன்று, மஞ்சளுக்குக் கிழங்கு. எல்லாமே தாயின் நகல்தான். நம் பூவனும் மொந்தனும் இரண்டு காட்டு வாழை இனங்கள் கலந்து வந்தவை. குரோமோசோம் மூன்று செட்டாக இருப்பதால் பழத்தில் விதை இல்லை. பக்கக் கன்று மட்டும் இல்லையென்றால் அந்த வம்சம் என்றோ முடிந்திருக்கும்.

ஆனால் சில செடிகள் இதற்கும் ஒரு படி மேலே போகின்றன. விதையே தாயின் நகலாக இருக்கும். வெளியில் பார்த்தால் பூ, விதை எல்லாம் ஒழுங்காக இருக்கும். உள்ளே கருத்தரித்தல் நடந்திருக்காது.

இதில் மாட்டிக்கொண்டவர் சாதாரண ஆள் இல்லை, கிரிகோர் மெண்டல். பட்டாணி ஆராய்ச்சியை 1866-இல் அச்சிட்ட பிறகு அவர் ஹைராசியம் என்ற மஞ்சள் பூச் செடிக்குப் போனார். அதன் பூ உண்மையில் பல நுண்ணிய பூக்களின் கொத்து. ஒவ்வொரு சின்னப் பூவிலும் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு வேறு மகரந்தம் தடவ வேண்டும். லென்ஸும் கண்ணாடியும் வைத்துச் செய்து செய்து அவருக்குக் கண்ணே கெட்டது. பட்டாணியில் முதல் தலைமுறை ஒரே மாதிரி இருந்தது, இரண்டாம் தலைமுறை பிரிந்தது. இங்கே தலைகீழ். முதல் தலைமுறைக் கலப்பினங்கள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் மாறாமல் தன்னைப் போலவே பிள்ளை பெற்றது. 1869-இல் இதைத் தன் ஊர்ச் சங்கத்தில் நேர்மையாக வாசித்தார். மாறாத கலப்பினங்களும் உலகில் உண்டு என்பது அவருக்குத் தெரிந்தது. ஏன் என்று தெரியாமலே 1884-இல் காலமானார்.

விடை 1903-இல் டென்மார்க்கில் கிடைத்தது. ஆஸ்டென்ஃபெல்ட், ராங்க்யேர் என்ற இருவர் மொட்டின் மேல்பாதியைச் சவரக் கத்தியால் சீவி எறிந்தார்கள். மகரந்தமும் போயிற்று, அதை வாங்கும் சூல்முடியும் போயிற்று. அப்படியும் விதை பிடித்தது! மகரந்தமே இல்லாமல் வந்த விதை தாயின் நகல் அல்லாமல் வேறென்ன? மெண்டலின் கலப்பினங்கள் ஏன் மாறவில்லை என்பது அப்போது விளங்கிற்று.

இந்த வழியில் போகும் செடிகளைப் பார்த்தால் பெரும்பாலானவை குரோமோசோம் செட்டுகள் கூடிப்போனவை, பல கலப்பில் பிறந்தவை. காரணம் எளிது. ஜோடி சேர்ந்து பங்கு பிரிவதில்தானே கலப்பினத்துக்குத் தகராறு? பங்கு பிரிக்காமலே சூல் வளர்ந்துவிட்டால் தகராறே இல்லை. ஐரோப்பாவெங்கும் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் டான்டிலியன் பெரும்பாலும் மூன்று செட் குரோமோசோம் கொண்டது. ஒழுங்காகப் பங்கு போட வழியில்லாத செடி. ஆனாலும் ஊதினால் பறக்கும் விதைகளை லட்சக்கணக்கில் அனுப்புகிறது.

நகலுக்கு என்ன விலை?

அப்படியென்றால் ஆண் எதற்கு, பெண் எதற்கு, இந்தப் பூவும் தேனும் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரே அச்சில் வார்த்த ஆயிரம் உருப்படிகளில் ஓர் ஓட்டை இருந்தால் ஆயிரத்திலும் அதே ஓட்டை இருக்கும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகச் சந்தையை ஆண்ட வாழை ரகம் குரோ மிஷல். பனாமா வாடல் நோய் வந்தது. தோட்டம் முழுக்க ஒரே செடியின் நகல்கள் என்பதால் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்தது. 1960-களுக்குள் அந்த ரகம் ஏற்றுமதிச் சந்தையை விட்டே போயிற்று. கூடாமல் பெருகும் செடி இன்றைய நிலைமைக்கு நன்றாகப் பொருந்தும். நிலைமை மாறினால் தடுமாறும்.

அதனால்தான் இவற்றில் பல, வாசலை முழுக்கச் சாத்திக்கொள்வதில்லை. டான்டிலியனைப் பாருங்கள். நகல் விதை போடும் அதே செடி கொஞ்சம் நல்ல மகரந்தத்தையும் உண்டாக்குகிறது. ஐரோப்பாவின் தெற்கிலும் மத்தியிலும் கூடிப் பெருகும் டான்டிலியன்களும் உண்டு. அந்த மகரந்தம் அவற்றின் மேல் விழுந்தால் புதிய சேர்க்கைகள் பிறக்கும். அவற்றில் சில மறுபடி நகல் விதை போடத் தொடங்கும். கலப்பு புதுமையைக் கொண்டுவருகிறது, நகல் அதில் தேறியதைப் பெருக்குகிறது. இரண்டும் மாறி மாறி நடக்கும்போதுதான் இந்தச் செடிகள் பிழைக்கின்றன. ஒரு தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் சேர்ந்து இயங்குவது போலத்தான்.

காங்கேயத்துக் கொழுக்கட்டைப் புல்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் போனவர்கள் கொறங்காடு பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், மேயும் காங்கேயம் மாடு. கிளுவை போத்தில் முளைப்பது; அது நகல். கொழுக்கட்டைப் புல்லோ விதையில் முளைப்பது. ஆனால் அந்த விதையும் பெரும்பாலும் தாயின் நகல்தான்! இதில் மகரந்தம் தேவைப்படுகிறது. ஆனால் கருவுக்காக அல்ல, கரு சாப்பிடும் உணவுச் சேமிப்பு உண்டாவதற்காக.

ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் பிறந்த இந்தப் புல்லை வறண்ட நிலத்துத் தீவனத்துக்காகவும் மண் அரிப்பைத் தடுக்கவும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நல்ல ரகம் உண்டாக்க வேண்டுமானால் கலக்க வேண்டும். நகல் விதை போடும் செடியைத் தாயாக வைத்து எப்படிக் கலப்பது? டெக்ஸாஸில் பாஷா என்ற ஆராய்ச்சியாளர், அபூர்வமாகக் கூடிப் பெருகும் ஒரு கொழுக்கட்டைச் செடியைக் கண்டுபிடித்து 1962-இல் அறிவித்தார். அந்த ஒரே செடி வழியாகத்தான் கலப்புக்குக் கதவு திறந்தது. இன்று அதே புல் அரிசோனா பாலைவனத்தில் பரவித் தீயை வளர்க்கிறது. அங்கே தொண்டர்கள் கடப்பாரை எடுத்துப் பிடுங்குகிறார்கள். நம் ஊரில் மாட்டுக்குச் சோறு, அங்கே வில்லன். புல்லின் மேல் குற்றமில்லை. கொண்டுபோய் வைத்த இடம் அப்படி.

விவசாயியின் மூட்டை

கடைசியாக, இதில் நமக்கு என்ன என்ற கேள்வி. வீரிய ஒட்டு ரக நெல், மக்காச்சோளம் போடுகிற விவசாயி ஒவ்வொரு பருவமும் விதை வாங்கியே ஆக வேண்டும். தன் களத்து நெல்லை எடுத்து விதைத்தால் மெண்டலின் பட்டாணி மாதிரி பிரிந்துவிடும். ஒன்று உயரம், ஒன்று குட்டை, விளைச்சல் போச்சு. ஹைராசியமும் டான்டிலியனும் செய்வதை நெல் செய்தால்? ஒட்டு ரகம் மாறாமல் வரும், சொந்த மூட்டையிலிருந்தே விதைக்கலாம்.

இது கனவு நிலையைத் தாண்டிவிட்டது. 2018-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இம்தியாஸ் காண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் நெல்லில் நகல் விதை வரவழைத்துக் காட்டினார்கள். அப்போது தேறியது ஒரு பகுதி விதைதான். 2022-இல் வெளியான இன்னோர் ஆய்வில் ஒட்டு நெல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நகல் விதை வந்தது. அதே 2022-இல் டான்டிலியனில் கருத்தரிக்காமலே கரு வளரச் செய்யும் மரபணுவையும் பிரித்தெடுத்துவிட்டார்கள். களையென்று பிடுங்கி எறியும் செடி, சோற்றுப் பிரச்சினைக்கு வழி சொல்கிறது.

ஆனால் மேலே சொன்ன இரண்டு கதைகளையும் மறக்கக் கூடாது. மாவட்டம் முழுக்க ஒரே நகல் நெல் நின்றால் குரோ மிஷல் வாழையின் கதி வரலாம். அந்தத் திறமை மகரந்தம் வழியாகக் காட்டு நெல்லுக்குத் தாவினால் ஸ்பார்ட்டினாவின் கதை நடக்கலாம். இந்த விதை யார் கையில் இருக்கும், விவசாயி எடுத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்பது சட்டக் கேள்வி. இதையெல்லாம் விதை வயலுக்கு வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் வேலைக்குப் போய்ச் சேரும்போது இந்தக் கேள்விகள் மேசைக்கு வந்திருக்கும்.

இன்னும் ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 1979-இல் இங்கிலாந்தின் யார்க் ரயில் நிலையத்துக்கு அருகே, கார் நிறுத்துமிடத்தில், செனிசியோ குடும்பத்தில் ஒரு புதிய கலப்பினம் கண்ணில் பட்டது. உள்ளூர்க் களை ஒன்றும், ரயில் பாதைச் சரளைக்கல் வழியாகப் பரவிய ஒரு வெளியூர்ச் செடியும் கலந்து பிறந்தது. 2003-இல் அதற்குத் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். அதற்குள் களைக்கொல்லி அடித்து அடித்து அது இயற்கையில் அழிந்துபோயிருந்தது. யாரோ எடுத்து விதை வங்கியில் வைத்திருந்த ஒரு சில சிட்டிகை விதை மிஞ்சியது. அதிலிருந்து 2023-இல் மறுபடி யார்க் நகரத்தில் விதைத்தார்கள், பூத்தது.

ஒரு பக்கம் நாமே நட்டுப் பரப்பி அவதிப்பட்ட புதிய இனம். இன்னொரு பக்கம் என்னவென்று பார்க்காமலே மருந்தடித்து ஒழித்த புதிய இனம். இரண்டுமே துறைமுகம், ரயில் பாதை, கார் நிறுத்துமிடம் என்று நாம் கட்டிய இடங்களில்தான் பிறந்தன. ஆகவே தாவரவியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வளாகத்துச் சுற்றுச்சுவர் ஓரத்தில் முளைப்பவற்றைப் பெயரோடு பட்டியலிட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்து வையுங்கள். பொறியாளராகப் போகிறவர்கள், களைக்கொல்லிக்கு உத்தரவு எழுதுமுன் அந்தப் பட்டியலை ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலை அச்சிடும் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்கிறது. நண்பர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன், மறுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.